சாக்கு தந்தவர்களுக்கும் விடியுமுன் எழுந்தவர்களுக்கும்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும், மேட்டு ஊர், கீழ் ஊர் உறவுகளுக்கும் வணக்கம்.

நவம்பர் கடைசி வாரத்தில் நான் உரக் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டது உங்களில் பலருக்குத் தெரியும். நம் மலையில் கால் ஒடிந்த சேதி, கால் ஒடிந்தவன் வீடு சேர்வதற்கு முன்பே ஊர் சேர்ந்துவிடும். மாவுக்கட்டோடு பத்து வாரம் சன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். சரியாகப் பனிக்காலம் முழுவதும். ஏழு ஏக்கர் தோட்டம், எங்கள் முதியோர் இல்லத்துக்குள் முப்பது பெரியவர்கள், வெளியே உறைபனி; தோட்டத்தைப் பார்க்க வேண்டியவன் படுக்கையில். இந்த வருஷம் பூ அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். கட்டைப் பிரித்து ஊன்றுகோலோடு வெளியே வந்தால், கிழக்குச் சுவர் கேமிலியா எட்டும் பூத்து நின்றன. நட்டுப் பதினோரு வருஷத்தில் அவை ஒழுங்காகப் பூத்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் இந்த நன்றி மடல். பெயர் போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். “என் பேரைப் போட்டீங்கன்னா அடுத்த வருஷம் ஊரே வந்து என் வாசல்ல நிக்கும்” என்று ஒருவர் தடுத்துவிட்டார். சரி, பெயர் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டிப் பக்கம் பூ என்றால் மே மாத மலர்க் கண்காட்சி என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஆனால் குளிரில்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கும் புதர்ச்செடிகள் ஒரு கூட்டம் இருக்கிறது. கேமிலியா, பாயின்செட்டியா, நம் சோலைக்காடுகளுக்கே உரிய மஞ்சள் பூ மஹோனியா எல்லாம் அந்த ஜாதி. செடி அல்ல, மரம்தான் என்றாலும் சிவப்புப் பூக்காரக் காட்டுப் பூவரசையும் சேர்த்துக்கொள்ளலாம். சீகை மரமும் இதே பருவத்தில்தான் மலையை மஞ்சளாக்கும். அதைப் பாராட்ட எனக்கு மனம் வராது. புல்வெளியை எல்லாம் விழுங்கிய மரம் அது. இல்லத்துப் பெரியவர்கள் மார்கழி, தை இரண்டு மாதமும் பெரும்பாலும் வெளியே வரமாட்டார்கள். சன்னல் வழியே அவர்களுக்குக் கிடைப்பது இந்தச் செடிகள் மட்டும்தான்.

முதல் நன்றி, அரசுத் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணனுக்கு. 1848-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் உருவாக்கிய பூங்கா அது, 22 ஹெக்டேர். அங்கே பனியிலிருந்து செடிகளைக் காத்தவருக்கு எங்கள் தோட்டம் கைக்குட்டை அளவுதான். டிசம்பர் முதல் ஞாயிறு கம்பளிக் குல்லாயோடு வந்து, என்னிடம் எதுவும் கேட்காமல் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு என் சன்னலுக்கு வெளியே நின்று, “தம்பி, வேலியை வெட்டணும்” என்றார். தோட்டத்தின் கீழ்க்கோடியில் நான் பத்து வருஷமாக அடர்த்தியாக வளர்த்த வேலி. பொட்டு இடைவெளி இல்லை என்று பெருமை வேறு. குளிர்காற்றும் தண்ணீர் மாதிரிதானாம். கனம் அதிகம், பள்ளத்தைத் தேடி இறங்கும். மேட்டிலிருந்து இறங்கி வரும் குளிர் என் வேலியில் முட்டி, அணைக்குள் தண்ணீர் போல ராத்திரி முழுக்கத் தேங்கி நிற்கிறது என்றார். மறுநாளே ஆறடி அகலத்துக்கு வேலியைத் திறந்துவிட்டார். அடுத்த உறைபனிக்கு, வேலிக்கு இந்தப் பக்கம் எப்போதும் வெளுக்கும் நாற்றுப் பாத்திகள் பாதிக்குமேல் பச்சையாகவே இருந்தன.

அந்த வழியாகக் குளிர் வெளியே போனது. அதே வழியாக மூன்றாம் நாள் காட்டெருமை உள்ளே வந்தது. ஹைட்ரேஞ்சியா பாத்தியில் படுத்துப் புரண்டு, காலையில் நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல், பட்டாசு வெடிக்காமல், ஒரு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்து அதைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட்ட வனக்காவலர் இருவருக்கும் நன்றி. இடைவெளியில் மூங்கில் படல் கட்டிக் கொடுத்த கீழ் ஊர்த் தம்பிகளுக்கும் நன்றி. காற்று போகும், எருமை போகாது.

பனி எப்போது விழும் என்பதை அண்ணன் சாயங்காலமே சொல்லிவிடுவார். மேகம் இல்லை, காற்று இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது என்றால் அன்றைக்கு நிச்சயம். மேகம் மூடினால் மலைக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. தரைச்சூடு தப்பிப் போகாது. அதிலும் முதலில் வருவது நீர்ப்பனி, அது ஒன்றும் செய்யாது. உறைபனிதான் இலையைக் கருக்கும். தெளிந்த நாட்களில் பகலிலேயே பாத்திகளை நன்றாக நனைக்கச் சொல்வார். ஈரமண் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம். நான் இத்தனை காலமும் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்: குளிர்காலத்தில் தண்ணீர் எதற்கென்று.

விடியுமுன் தண்ணீர் தெளிக்கும் வேலையை எடுத்துக்கொண்டவர் கீழ் ஊர் ஆட்டோ அண்ணன். நாலரைக்கு எழுந்து வந்து, குழாய் வாய்க்குள் உறைந்த பனியை வெந்நீர் ஊற்றி இளக்கி, மோட்டாரைப் போட்டுவிடுவார். வெளியே விரல் மரத்துப்போகும் குளிர். கிணற்றுத் தண்ணீரிலோ ஆவி பறக்கும். வெயில் ஏறும் முன் புல்வெளியிலும் நாற்றுகளிலும் இருக்கும் பனியைக் கழுவிவிட வேண்டும். அதன் பிறகுதான் ஏழரை மணி பள்ளிச் சவாரி. இருபத்து மூன்று காலை அப்படி வந்தார். கணக்கு வைத்தது நான் அல்ல, அவருடைய மகள். ஆறாம் வகுப்பு. இல்லத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்து ரூல் நோட்டில் எழுதிவைத்தாள். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: “ஜனவரி 9. 3 டிகிரி. புல் வெள்ளை. அப்பா தும்மல். ஜனவரி 10. 2 டிகிரி. புல் ரொம்ப வெள்ளை. சுக்குக் காபி இரண்டு டம்ளர்.” மூன்று டிகிரியில் எப்படிப் பனி உறையும் என்று அவள் கேட்ட கேள்விக்குப் பூங்கா அண்ணன்தான் பதில் சொன்னார். தெர்மாமீட்டர் தொங்குவது நெஞ்சு உயரத்தில், புல் இருப்பது தரையில். தரைதான் முதலில் குளிரும். அன்றிலிருந்து அவள் புல்லையும் தொட்டுப் பார்த்துத்தான் எழுதினாள். அந்தச் சுக்குக் காபி போட்ட இல்லத்துச் சமையல் அம்மாவுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். நாலரை மணிக்கு அடுப்பு மூட்டச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நடுவில் நான் செய்த கூத்து ஒன்று. கட்டிலில் படுத்தபடியே டவுன் கடை ஒன்றில் போன் போட்டு பிளாஸ்டிக் ஷீட் வரவழைத்தேன். பனிக்கு இதைவிட நல்லது கிடையாது என்றார் கடைக்காரர். இழுத்துப் போர்த்தினார்கள். காலையில் பார்த்தால், ஷீட் இலையைத் தொட்ட இடமெல்லாம் சுட்டது போலக் கருகியிருந்தது. அசேலியா இரண்டு வரிசை போயிற்று. சாக்குதான் வேண்டும், அதுவும் இலையைத் தொடாமல் குச்சி நட்டு மேலே போட வேண்டும் என்று அண்ணன் முதலிலேயே சொல்லியிருந்தார். அத்தனை சாக்குக்கு எங்கே போவது என்று நான்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் வெளியே தெரிந்ததும் உருளைக்கிழங்கு மண்டியிலிருந்து நாற்பது, ரேஷன் கடைப் பக்கமிருந்து பத்து, வீட்டுக்கு ஒன்றிரண்டு என்று வந்து குவிந்தன.

இப்போது கேமிலியாவுக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்து அக்காவைப் பற்றி எழுதத்தான் இத்தனை நேரம் பேனா தவித்துக்கொண்டிருந்தது.

அக்காவின் பெற்றோர் இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து மலையேறியவர்கள். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அக்காவுக்குப் பதினெட்டு வயதிலிருந்து வேலை. கிளை வெட்டும் கவாத்துக் கத்தி அவர் கையில் பென்சில் மாதிரி இருக்கும். ரோஜா கவாத்துக்கு ஆள் வேண்டும் என்றுதான் கூப்பிட்டோம். தை மாதம் வெட்டினால்தான் சித்திரையில் பூ. வந்தவர் ரோஜாப் பக்கம் போகும் வழியில் கேமிலியா முன்னால் நின்றுவிட்டார்.

“ஐயா, இது நம்ம தேயிலைக்குச் சொந்தமா?” என்று சன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார். ஆமாம், இரண்டும் ஒரே பேரினம்தான். தேயிலைக்கும் தாவரவியல் பெயர் கேமிலியாதான் என்றேன். கவாத்து விட்டுப்போன தேயிலைச் செடி இந்த மாதங்களில் வெள்ளையாகப் பூத்து, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு நிற்கும். அக்கா அதைப் பார்த்தே வளர்ந்தவர். பழுப்பேறிய மொட்டு ஒன்றைப் பறித்து, நகத்தால் இதழ் இதழாகப் பிரித்து என் சன்னல் கட்டையில் வைத்தார். கிழக்கே பார்த்த பாதி ஈரக் காகிதம் போலப் பழுப்பு. சுவர்ப் பக்கத்துப் பாதி இன்னும் வெளிர்ச் சிவப்பு. “இது பனியில சாகலைய்யா. வெயில்ல செத்திருக்கு” என்றார்.

பதினோரு வருஷமாக நான் பனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். விறைத்த மொட்டு தானாக மெல்ல இளகினால் பிழைத்துக்கொள்ளும். சூரியன் எழுந்த கையோடு முகத்தில் அடித்தால் உள்ளே திசு கிழிந்துபோகும். காலை வெயில் படட்டும், பார்க்க அழகாக இருக்கும் என்று கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுத்தவன் நான். பெயர்த்து நடும் வயதைச் செடியும் தாண்டிவிட்டது, நானும் தாண்டிவிட்டேன். அக்கா மூங்கில் நட்டு, கிழக்கே ஆளுயரத்துக்குச் சாக்குத் தட்டி கட்டினார். காலை பத்து மணிவரை நிழல். அதோடு விடவில்லை. ஒரு காம்பில் மூன்று மொட்டு இருந்தால் இரண்டைக் கிள்ளிப் போட்டார். நான் சன்னலுக்குள்ளிருந்து கத்திய கத்தலில் பக்கத்து அறைப் பெரியவர் மணி அடித்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிஞ்சிய ஒற்றை மொட்டுகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. அக்கா, அன்று கத்தியதற்கு மன்னிக்க வேண்டும்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் புதிதாக வந்த தெருவிளக்கால் பாயின்செட்டியா பச்சையாகவே நின்றது. நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு, இலைதான். நீண்ட, முழு இருட்டு ராத்திரிகள் தொடர்ந்து கிடைத்தால்தான் அது நிறம் மாறும். விளக்குக்குத் தோட்டப் பக்கம் தகர மறைப்பு அடித்துக் கொடுத்த மின்வாரியத் தம்பிக்கு நன்றி. மார்கழியில் சிவக்க வேண்டியது மாசியில் சிவந்தது. மஹோனியா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது முட்செடி என்று வெட்டப் போனவர்களைத் தடுத்து, இருநூறு வருஷத்துக்கு முன் புதுச்சேரியிலிருந்து வந்த லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் அந்தச் செடிக்கு வைக்கப்பட்ட கதையைச் சொன்ன எங்கள் இல்லத்துப் பேராசிரியை அம்மாவுக்கு நன்றி. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்து இலைக்குப்பை முழுவதையும் எரிக்காமல் குழியில் சேர்த்தார்கள். பிப்ரவரியில் வேலிக்கு வெளியே காய்ந்த புல்லைச் செதுக்கித் தீ வராமல் பாதை போட்டதும் அவர்கள்தான்.

கேமிலியாவில் அக்கா பதியம் போட்டிருக்கிறார். வேர் பிடித்தவை மழைக்காலத்துக்குள் தயாராகும். உதவிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. தொட்டி கொண்டு வாருங்கள். கிழக்கே பார்த்து மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஜனவரி 10 ராத்திரி, அந்த வருஷத்துப் பனியிலேயே கொடுமையான பனிக்கு முந்தின சில மணி நேரத்தில், யாரோ கேட்டுக்கு வெளியே பதினாறு சாக்குகளை மடித்து, கயிறு கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்டிச் சாக்கு இல்லை. தையல் பிரித்து, துவைத்து, வெயிலில் காயவைத்தவை. எல்லோரையும் கேட்டுவிட்டோம், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கேமிலியாவுக்குத் தட்டி கட்டியது அவற்றை வைத்துத்தான். பதினைந்தைத் துவைத்து அதே கயிற்றில் கட்டி உரக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். ஒன்றை எலி கடித்துவிட்டது. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். படியில் மட்டும் பார்த்து ஏறுங்கள்.

இப்படிக்கு,
ஊன்றுகோலோடு,
இல்லத்துத் தோட்டக்காரன்