சங்கு எந்தத் துறையில் சேர்த்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆராய்ச்சி நிதியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அறிவியலுக்குக் கொடுக்கிற பணம் ஏதாவது ஒரு வழியில் நாட்டுக்குத் திரும்பி வரும், இலக்கியம், வரலாறு, சட்டம் என்று கொடுப்பது அலமாரியில் தூசி படியத்தான் போகும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அலமாரித் தூசியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ராமநாதபுரத்தில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நான் எந்தப் பட்டமும் வாங்கியவன் இல்லை. ஆனால் தமிழில் வரும் ஆய்வேடுகளைப் பிழை திருத்துவதற்காக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவன், வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நான்தான். (சில சமயம் வழிகாட்டிக்கும் முன்னால்.)

எங்கள் கடற்கரையில் அறிவியலைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் பிரித்துவைக்க முடியாது. சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விலங்கியல் மாணவர் கொண்டுவரும் ஏட்டில் சங்கின் நீளம், அகலம், எடை என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம் இருக்கும். வரலாற்று மாணவரின் ஏட்டில் அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல் துண்டுகள் வரும். தமிழ் படித்தவர், சங்கை அரத்தால் அறுத்து வளை செய்பவர் அகநானூற்றின் 24-ஆம் பாட்டிலேயே இருக்கிறார் என்று ஆரம்பிப்பார். மூன்று பேரும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் பிரின்ட் வருவதற்குக் காத்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. இத்தனைக்கும் 1914-லேயே சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் சங்கைப் பற்றி எழுதிய நூலில் அந்த உயிரினத்தின் வாழ்க்கை, கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பு, வளையல் தொழில், வழிபாடு எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. அவரை எந்தத் துறைக்கான நிதியில் சேர்ப்பது?

சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையாளர் அதிகம் கிண்டல் செய்தது அதைத்தான். 1904-இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது: அன்னகுமாரு பிள்ளை, முத்துப்பயல் வழக்கு. ராமநாதபுரம் ஜமீன் கரைக்கு அப்பால், பாக் விரிகுடாவில் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்பதுதான் விவகாரம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் திருட்டு என்றால் அந்தச் சங்குக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும், சொந்தக்காரர் இருக்க வேண்டுமென்றால் அந்தக் கடல் யாருக்கோ உட்பட்டதாக இருக்க வேண்டும். பாக் விரிகுடாவை யாருக்கும் உட்படாத திறந்த கடலாகக் கருத முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். இந்தப் பக்கத்துக் கரையிலும் இலங்கைக் கரையிலும் வாழ்கிறவர்கள் அதை நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று. அதாவது வரலாறு பார்த்துச் சொன்ன தீர்ப்பு. சங்கு எங்கே கிடக்கும், எப்படி எடுப்பார்கள் என்ற விவரமும் அதற்குள் வருகிறது. 1974-இல் இரு நாடுகளும் இந்தக் கடலில் எல்லைக்கோடு போட்டபோது பேசப்பட்ட 'வரலாற்று நீர்ப்பரப்பு' (நெடுங்காலப் பயன்பாட்டால் கரை நாடுகளுக்கு உரிமையான கடல்) என்ற கருத்துக்கும் இந்தத் தீர்ப்பு ஓர் ஆதாரம். கச்சத்தீவைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் கடிதம் முடியாது. அந்தத் தீவின் குத்தகைப் பத்திரங்களைத் தேடிப் படிக்கிற வரலாற்று மாணவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு மேடையில் மட்டும்தான் நடக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கடல் அட்டை (வெள்ளரிக்காய் போல நீண்டு, கடலடியில் ஊரும் உயிரினம்) கதையைக் கட்டுரையாளர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொல்வதுபோல் ஆய்வுக்கூடத்தில் ஜெயித்தால் போதும் என்றால் இது எப்போதோ முடிந்துபோயிருக்க வேண்டிய கதை. 1988-லேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் கடல் அட்டைக் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துவிட்டார்கள். நல்ல அறிவியல், சந்தேகமே இல்லை. 2001-இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போனது. அன்றிலிருந்து மண்டபம், வேதாளை, தேவிபட்டினம் பக்கத்தில் அதைப் பிடிப்பவர், அவிப்பவர், காயவைப்பவர் எல்லோரும் குற்றவாளிகள். எதிர்க்கரையில், இலங்கையில், அதே அட்டையைப் பண்ணை போட்டு வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். தடை சரியா தவறா என்பதில் எங்கள் ஊரிலேயே இரண்டு கட்சி உண்டு. அழிந்துபோகும் அளவுக்கு வாரினார்கள் என்பதும் உண்மைதான். வளர்ப்பு அட்டையையும் கடலில் பிடித்த அட்டையையும் சட்டம் பிரித்துப் பார்க்கலாமா, பார்த்தால் எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு விலங்கியலும் சட்டமும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பதில் கிடைக்கும்.

அப்புறம் கடல்பாசி. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிறார்கள். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள், முகத்தில் கண்ணாடி, இடுப்பில் பை, காலடியில் தகட்டை வெட்டிக் கட்டிக்கொண்டு துடுப்புபோல அடித்து நீந்துவார்கள். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்ற கூழ்போல உறையும் பொருளைக் காய்ச்சுகிறார்கள். மருத்துவக் கல்லூரியிலும் உயிரியல் ஆய்வுக்கூடத்திலும் நுண்ணுயிரி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் ஊற்றுவது இந்த அகரைத்தான். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபிறகு, தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்குப் போவது அத்துமீறலாகிவிட்டது. அதற்கு மாற்றாக வந்தது கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. தொண்ணூறுகளில் மண்டபத்தில் ஆராய்ந்து, 2000-க்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்த்தார்கள், காசும் பார்த்தார்கள். அந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்துவிட்டது என்று 2008-இல் விஞ்ஞானிகளே எழுதினார்கள். பவளப்பாறையும் பிழைக்க வேண்டும், மிதவை கட்டிய பெண்ணும் பிழைக்க வேண்டும். எந்த ஒரு துறைக்காரரிடமும் இதற்கு முழு விடை இல்லை.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். தூசி படியவே எழுதிய ஏடுகள் நிறைய வருகின்றன. ஒரே முன்னுரையை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியதை நானே தட்டச்சு செய்து கூலி வாங்கியிருக்கிறேன். அவற்றில் கலைத்துறையும் உண்டு, அறிவியலும் தாராளமாக உண்டு. அட்டவணை இருப்பதாலேயே ஓர் ஏடு உயர்ந்ததாகிவிடாது.

இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம், ராமநாதபுரத்தில் 2017-இல் வந்த அரசு சட்டக் கல்லூரி, எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். தொல்லியல்காரர்களுக்கு அழகன்குளமும் பெரியபட்டினமும் பக்கம். நிதி கொடுப்பவர்கள் துறைகளை வெட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு தலைப்பை இவர்கள் எல்லோரிடமும் கொடுத்துப் பார்க்கலாம்: 1986-க்கு முன் தீவுகளில் பாசி எடுத்தவர்களுக்கு என்ன உரிமை இருந்தது, அதற்கு எழுத்திலும் வாய்மொழியிலும் என்ன சாட்சி இருக்கிறது, எவ்வளவு எடுத்தால் பாசி மறுபடி தழைக்கும், இன்றைய சட்டத்தில் அதற்கு இடமுண்டா? இதில் எந்தப் பகுதியை வீண்செலவு என்று வெட்டுவார் என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கேணிக்கரை, ராமநாதபுரம்.