குளிர்கால ரயிலும் நாங்கள் ஐந்து பேரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் வாசகர் பகுதியில் ஒரு அன்பர், வயதான பெண்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு ஆண்துணை இல்லாமல் வடஇந்தியா போவது வீண் வம்பு, அதுவும் பனிக்காலத்தில் போனால் பிள்ளைகளுக்குத்தான் தொல்லை என்று எழுதியிருந்தார். யாரை மனதில் வைத்து எழுதினாரோ தெரியாது. அந்தத் துண்டைக் கத்தரித்து என் வீட்டுக் கதவில் செருகிவிட்டுப் போன புண்ணியவான் யாரென்றும் தெரியாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இந்த ஜனவரியில் சிம்லா போய்வந்த ஐந்து பெண்களில் நானும் ஒருத்தி. அதனால் பதில் எழுதுகிறேன்.

வழியில் எங்களுக்குச் சங்கடம் வந்தது உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் அது எதனால் வந்தது என்பதில்தான் அவரும் நானும் ஒத்துப்போகவில்லை.

நாங்கள் ஐவரும் ஒரே தோட்டத்து ஆட்கள். மூத்தவரான பெரியக்காவுக்கு 71, என் ஓரகத்திக்கு 58. பால்மரமெல்லாம், அதாவது ரப்பர், போய் செம்பனை வந்து, பாதி நிலத்தில் இப்போது தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். ஆளுக்கு மாதம் 100 வெள்ளி என்று மூன்று வருடம் சேர்த்தோம். பிள்ளைகளிடம் கேட்கவில்லை. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளிகளுக்காக 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டியவர் என் அப்பா. சேர்த்து வைப்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிம்லா என் தேர்வு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். கல்லால் அடுக்கடுக்காக வளைவு கட்டிய ஒரு பாலத்தின் மேல் குட்டி ரயில் போகும் படம் போட்ட நாட்காட்டி ஒன்று எங்கோ கிடைத்து, வருடம் முடிந்தபிறகும் அதைக் கழற்ற விடமாட்டார். ‘இந்தக் கம்பி நம்ம கம்பியைவிட ஒல்லி, போய் அளந்து பார்க்கணும்’ என்பார். அளக்கப் போகாமலேயே போய்விட்டார். ஆறு வருடம் ஆகிறது.

குளிர் பற்றிப் பெரியக்காவுக்கு ஒரே பெருமை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் எடுக்க மரம் வெட்டினவளுக்கு என்ன குளிர், கேமரன் மலையே பார்த்தாச்சு என்றார். டெல்லியில் இறங்கி ஐந்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அதன் பிறகு ஊர் திரும்பும்வரை குரங்குத் தொப்பி தலையை விட்டு இறங்கவே இல்லை. தூங்கும்போதும்தான்.

இனி சங்கடத்துக்கு வருகிறேன். டெல்லியிலிருந்து காலை வண்டியில் கால்கா போய், அங்கே மலை ரயிலுக்கு மாற வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 25 நிமிடம். எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜண்டிடம், இது போதுமா தம்பி என்று நான் கேட்டேன். எல்லாம் சரியா வரும்மா என்றார். டிசம்பர், ஜனவரியில் அந்தச் சமவெளி முழுக்க மூடுபனி இறங்கும். காற்று அசையாது, ராத்திரி நிலம் சில்லிட்டுப் போகும், ஈரமெல்லாம் தரையோடு புகை மாதிரி நிற்கும். சிக்னல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு முன்னாலேயே தண்டவாளத்தின் மேல் சின்ன வெடி வைத்து, சக்கரம் ஏறி அது வெடிக்கிற சத்தத்தில்தான் ஓட்டுநர் சிக்னல் வருகிறதென்று தெரிந்துகொள்வாராம். அப்படி இருக்கும்போது வண்டி எப்படி ஓடும்? ஊர்ந்தது. நாங்கள் கால்காவில் இறங்கியபோது மூன்று மணி நேரத் தாமதம். மலை ரயில் போயே போய்விட்டது.

இந்த இடத்தில் ஆண் ஒருவர் இருந்திருந்தால் மூடுபனி விலகியிருக்குமா என்பதை அந்த அன்பர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் ஒரே அறையில் ஐந்து பேரும் படுத்தோம். போர்வை மூன்று. கொண்டுபோன வெந்நீர்ப் பையைக் காலுக்குக் கால் மாற்றிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்திய அக்கா அந்த ரப்பர் பையைத் தடவிப் பார்த்து, ‘நம்ம வெட்டின பாலா இருக்கும்டி, கடைசியில நமக்கே சூடு குடுக்குது’ என்றார். சிரித்துச் சிரித்துப் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

மறுநாள் இருட்டிலேயே போய் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறினோம். முதலில் வாங்கிய மெத்தை சீட்டு டிக்கெட்டு வீணானது எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்தப் பெட்டியில் ஏறாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இருக்காது. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் எழுந்து எங்களுக்கு இடம் விட்டது. எங்களுக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. என் ஓரகத்தி பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் மைலோ கலக்கி நீட்டியதும் பாஷைப் பிரச்சினை தீர்ந்தது. நெத்திலி சம்பல் டப்பாவை மட்டும் திறக்க வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சைவக்காரர்கள் நிறைய இருந்தார்கள்.

1903ல் ஓடத் தொடங்கிய பாதை. 96 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. கால்காவில் 656 மீட்டர் உயரத்தில் ஏறினால் சிம்லாவில் 2,076 மீட்டரில் இறக்கிவிடுகிறது. 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு சுரங்கமும் வரும்போது அந்தப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். நாலாவது சுரங்கத்திலிருந்து பெரியக்காவும் சேர்ந்துகொண்டார். எண்ணியபடியே போனார்கள், கடைசிச் சுரங்கத்தின் எண் 103. ஆனால் 46ஆம் எண் இப்போது இல்லாததால் கணக்கு 102தானாம்.

பரோக் என்ற ஸ்டேஷனில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். ரொட்டிக்கு நடுவே கட்லட் வைத்து விற்கிறார்கள். எல்லோரும் அங்கேதான் பசியாறினோம். அதன் ஓரத்தில் இருப்பதுதான் பாதையிலேயே நீளமான சுரங்கம், 1,143 மீட்டர். பரோக் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் மலையை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குடையச் சொல்ல, இரண்டு துளையும் சந்திக்காமல் போய், ஒரு ரூபாய் அபராதம் போட்டார்களாம். அவமானத்தில் அவர் தன்னையே சுட்டுக்கொண்டார் என்று அங்கே சொல்கிறார்கள். பிறகு வந்தவருக்கு வழிகாட்டியது பல்கு என்கிற, படிப்பில்லாத மலைக்கிராமத்து ஆள். கம்பால் பாறையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டே இங்கே தோண்டு என்று காட்டினாராம். கதை எவ்வளவு நிஜமோ. ஆனால் சிம்லாவில் ரயில் அருங்காட்சியகத்துக்கு பாபா பல்கு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். துரை பேச்சைக் கேட்டு நட்ட மரத்தில் எது பால் கொடுக்கும், எது கொடுக்காது என்று பட்டையைத் தொட்டே சொன்ன கிழவிகளோடு வளர்ந்தவள் நான். எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பிளாட்பாரம் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தி, கம்பிக்குக் கம்பி கையால் முழம் போட்டேன். ஒரு முழம், அப்புறம் முக்கால் முழம்கூட இல்லை. இரண்டாவது முழம் போடும்போது விரல் நுனி அந்தப் பக்கத்துக் கம்பியைத் தாண்டிவிட்டது. இரும்பு அப்படி ஒரு ஜில்லிப்பு, கை ஒட்டிக்கொள்ளும் போல. 762 மில்லிமீட்டர் என்று ஒரு பையன் போனில் பார்த்துச் சொன்னான். நம்ம நாட்டுக் கம்பி 1,000. கார்டு விசிலை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார். என்ன திட்டினார் என்று புரியாததும் நல்லதுதான்.

நாட்காட்டிப் படத்துப் பாலம் கனோ என்ற ஸ்டேஷன் பக்கத்தில் வந்தது. பாலத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பள்ளத்தாக்குதான் தெரியும், பாலம் தெரியாது. படம் எடுத்தவன் கீழே நின்றிருக்கிறான்.

சிம்லாவைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. ரிட்ஜ் மைதானம், 1857ல் திறந்த மஞ்சள் நிறத் தேவாலயம், ஜாக்கு மலையில் 108 அடி அனுமார், லக்கர் பஜாரில் மரச்சாமான். நாங்கள் இருந்த இரண்டு நாளும் பனி விழவில்லை. குப்ரி வரைக்கும் டாக்சியில் ஏறிப் போய்ப் பழைய பனியைப் பார்த்தோம். குதிரைச் சாணியும் சேறும் கலந்து கிடந்தது. ஓரத்தில் சுத்தமாக இருந்ததைக் கேண்டீன் அக்கா கிள்ளி வாயில் போட்டு, மீன் வைக்கிற பிரீசரில் சுரண்டி எடுப்போமே அதே ருசி என்று துப்பிவிட்டார். மூன்று நாள் இருந்திருக்க வேண்டியது. ஒரு நாளைக் கால்கா தின்றுவிட்டது.

நம் ஊர்களில் வடஇந்தியச் சுற்றுலா விற்கும் ஏஜண்டுகளுக்கு, இந்தப் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். எட்டு நாள் என்றால் எட்டு நாளையும் நிரப்பாதீர்கள். ஜனவரியில் கூட்டிப்போனால் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருக்கட்டும். வயதானவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். மூடுபனிக் காலம் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். அன்பர் எழுதிய கடிதத்தில் இதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் கைகூப்பியிருப்பேன்.

பிள்ளைகளுக்குத் தொல்லை என்றாரே, என் மகன் கோலாலம்பூர் சென்ட்ரல் வந்து பெட்டியைத் தூக்கினான். ஓரகத்தி அவனுக்கும் ஒரு குரங்குத் தொப்பி வாங்கி வந்திருந்தாள். அவ்வளவுதான் அவன் பட்ட தொல்லை.

அடுத்த தை மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவதாக இருக்கிறோம். அங்கேயும் அந்த மாதம் புல்லெல்லாம் உறைபனி பிடிக்குமாம். மேட்டுப்பாளையத்தில் ஒரு நாள் காலியாக விட்டுத்தான் திட்டம் போட்டிருக்கிறோம். அந்தப் பாதைக் கம்பி நம்ம ஊர் அளவு, சரியாக ஒரு மீட்டர். இந்தத் தடவை நான் குந்தி அளக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேரா.