ஆண்டறிக்கை: சொல்லும் பொருளும் சேரும் இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் நடந்துவரும் நம் அறிவியல் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

மழையில் மண் சரிந்து பாதை அடைபட்ட மாதம் தவிர, மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி, சொல்லின் பொருளை இயந்திரம் எப்படிக் கற்கிறது என்பது. 1990இல் அறிவாற்றல் அறிவியலாளர் ஸ்டீவன் ஹார்னாட் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கினோம். சீன மொழி அறியாத ஒருவர் கையில் சீன-சீன அகராதியை மட்டும் கொடுத்தால், ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருப்பார். எங்காவது ஓரிடத்தில் சொல் கண்ணில் படும் பொருளோடு சேர்ந்தாக வேண்டும் என்பது ஹார்னாட்டின் வாதம்.

அப்புறம் பெல்ஜியத்தைச் சேர்ந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் லூக் ஸ்டீல்ஸ் 1990களின் கடைசியில் நடத்திய சோதனை. வெள்ளைப் பலகையில் வண்ண உருவங்கள், எதிரே கேமராக்கள். ஒரு இயந்திர முகவர் (கேமரா வழியே பார்க்கும் கணினி நிரல்) ஓர் உருவத்தை மனதில் வைத்துத் தானே உண்டாக்கிய சொல்லைச் சொல்லும். எதிரே உள்ள இன்னொரு முகவர் அது எந்த உருவம் என்று ஊகிக்கும். சரியானால் அந்தச் சொல் வலுப்படும், தவறினால் வலுவிழக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பொதுவான சொற்கள் உருவாகின.

இதை இங்குள்ள பள்ளியில் விளையாட்டாக நடத்தினோம். பெஞ்சின் மேல் தேயிலைக் கொழுந்து, கேரட் இலை, பீட்ரூட், ஒரு பட்டாணிக் காய். ஆறாம் வகுப்பு மாணவி பட்டாணியை நினைத்து "டிம்பு" என்றாள். எதிரில் இருந்த பையன் பச்சை நிறம் என்று எண்ணிக் கேரட் இலையைத் தொட்டான். அடுத்த சுற்றில் பட்டாணியை எடுத்துவிட்டு ஒரு கேரட்டை வைத்தோம். மறுபடியும் "டிம்பு" என்றாள். "அப்போ நீளமா?" என்று கேட்டுக்கொண்டே கேரட்டில் விரலை வைத்தான். ஒரே காட்சியில் தீராத குழப்பம் பல காட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தீர்வதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் இதுதான் என்பேன்.

2024இல் வெளிவந்த நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. ஒரு குழந்தையின் ஆறு மாதம் முதல் 25 மாதம் வரை, தலையில் பொருத்திய கேமராவில் பதிவான 61 மணி நேரக் காட்சியும் அதில் கேட்ட பேச்சும் மட்டுமே ஒரு கணினி மாதிரிக்குப் பாடம். ஒரு சொல்லுக்கு நான்கு படங்களில் சரியானதைக் காட்டச் சொன்னபோது ஏறத்தாழ 62 விழுக்காடு சரியாகக் காட்டியது. குருட்டு ஊகத்துக்கு 25தான் கிடைக்கும். ஆனால் குழந்தையின் வீட்டுக் காட்சிகளில் இல்லாத புதுப் படங்களில் இது வெகுவாகக் குறைந்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஐயா, "இலை வாடும் வாசனையை கேமரா எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டெப் ராய் குழுவின் ரிப்ளி ரோபோ பொருளைத் தூக்கிப் பார்த்துத்தான் கனத்தை அறிந்தது. பார்வை பாதி வழி வரைக்கும்தான் கொண்டுபோகும் என்பது என் கருத்து. தொடுவதும் தூக்குவதும் முகர்வதும் கூடவே வேண்டும்.

வரும் ஆண்டில், படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் உள்ள பெரியவர்களின் சம்மதத்தோடு, செடிகளையும் கருவிகளையும் அவர்கள் கையில் எடுத்துப் பேசும்போதே படமும் குரலும் சேர்த்துப் பதிவுசெய்யலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. தமிழோடு படுகு மொழியிலும் பதிவு இருக்க வேண்டும். பதிவுகள் யாரிடம் இருக்கும், யார் பயன்படுத்தலாம் என்பதைப் பேசியவர்களே முடிவுசெய்யட்டும்.

இடம் தந்து உதவிய பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையையும் இந்தப் பரிந்துரையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்