ஸ்டைல் யாருக்காகவும் நிற்காது

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே ஆடி பிறந்துவிட்டது. காசிமேடு, தண்டையார்பேட்டை என்று தெருவுக்கு ஒரு கூழ், தெருவுக்கு ஒரு கச்சேரி.

இப்போது நம்ம குழுவில் கீபோர்டு என் தங்கச்சி பையன்தான். யமஹா பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ்700 வைத்திருக்கிறான். தபேலா, டோலக் எல்லாம் எக்ஸ்பான்ஷன் பேக்காக, அதாவது கூடுதல் ஒலித் தொகுப்பாக, ஏற்றிக்கொள்ளலாம். நாம் காசியோவில் 6/8 மார்ச்சை எடுத்து, டெம்போவை ஏற்றிக் குத்துப்பாட்டு ஓட்டியதைச் சொன்னால் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அந்தக் காசியோவில் மைனர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க மூலக் கட்டையோடு வலப்பக்கம் இன்னொரு கட்டை, யமஹாவின் ஒற்றை விரல் முறையில் இடப்பக்கம் கறுப்புக் கட்டை. இரவல் கீபோர்டோடு மேடை ஏறிய அன்று விரல்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாதா!

இன்றைய சத்தம் அருமை, அதில் பேச்சே இல்லை. ஆனால் கானா பாடுகிறவர் ஒரு இழுவை இழுத்தால் ஸ்டைல், அதாவது கீபோர்டு தானாக ஓட்டும் தாளமும் பின்னணியும், நிற்குமா? அது பாட்டுக்கு அடுத்த பாருக்கு, அதாவது அடுத்த தாளச் சுற்றுக்கு, போய்விடும். பையன் ஃபில்-இன்னை (இடையில் வரும் தாள உருட்டல்) தட்டிச் சமாளிக்கப் பார்க்கிறான். ஃபில்லும் பார் கணக்குக்குள்தான் அடங்கும், அதனால் பலனில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். இழுவை வரும் இடத்தில் ஸ்டைலை நிறுத்திவிடு. ஏசிஎம்பி, அதாவது தானியங்கிப் பின்னணிக்கான பட்டன், ஆனில் இருந்தால் இடது கை கார்டு மட்டும் பேஸோடு தாங்கி நிற்கும். தபேலாக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து உருட்டிக்கொள்வார். அதற்குள், கார்டு பிடித்ததும் ஸ்டைலைக் கிளப்பும் சிங்க் ஸ்டார்ட்டைத் தட்டி வை. பாடகர் வந்து இறங்கும் தாள எழுத்தில் அடுத்த கார்டு விழுந்தால் தாளமும் கூடவே கிளம்பும். ஒரு கால் எழுத்து பிந்தினாலும் மானம் போய்விடும், அது வேறு கதை. போன வாரம் சரியாக விழுந்தது, முன்வரிசையில் விசில் பறந்தது.

இப்போது சொந்தமாக ஒரு கானா ஸ்டைல் செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். யமஹாவில் வழக்கமாக சி மேஜர் செவன்த் என்ற கார்டில்தான் பதிய வேண்டும். இவன் பேஸில் அந்தக் கார்டில் சேராத எஃப் சுரத்தைப் புகுத்திவிட்டு, வேறு கார்டு பிடித்ததும் ஏன் கோணலாகப் போகிறது என்று என்னைக் கேட்கிறான்.

அப்புறம், உன் கோர்க் கீபோர்டில் நீ செய்து வைத்த ஆறு-எட்டு தாளம் இன்னும் இருக்கிறதா? ஸ்டைல் ஃபைலை அப்படியே அனுப்பாதே, இரண்டு கம்பெனி ஃபைல் பெயரும் எஸ்டிஒய் என்று முடிந்தாலும் யமஹா அதை எடுக்காது. எந்தக் கீபோர்டும் படிக்கும் மிடி ஃபைலாக எடுத்து அனுப்பு, மீதியை இவனே பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி