பழைய ரெகுலேட்டரை என்ன செய்வது?

கோலாலம்பூர்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் டைவிங் லைசென்ஸ் எடுத்துவிட்டாள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவளோடு நீயும் மறுபடி கடலில் இறங்கப் போகிறாய் என்பதுதான் பெரிய செய்தி. இங்கே எல்லாரும் நலம். செந்தூலில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறிவிட்டோம். கடைசி மகனுக்கு ஷா ஆலமில் வேலை, தினமும் போக்குவரத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புகிறான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்டோர் ரூமில் இத்தனை வருடம் கிடந்த டைவிங் செட்டை சர்வீஸ் செய்வதா, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று கேட்டிருந்தாய். மொத்தமாக ஒரே பதில் சொல்ல முடியாது. உலோகம் தாங்கும், ரப்பர் தாங்காது. அதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்.

முதலில் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை நாம் மூச்சிழுக்கும்படி தரும் கருவி. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை முதல் ஸ்டேஜ் சுமார் 10 பாருக்கு இறக்குகிறது. அங்கிருந்து நாம் மூச்சிழுக்கும் அளவுக்கு இறக்குவது வாயில் வைக்கும் இரண்டாவது ஸ்டேஜ். உன்னுடையது குரோம் பூசிய பித்தளை, சுலபத்தில் சாகாது. உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், வால்வு மூடும்போது காற்றை அடைக்கும் சீட், டயஃப்ரம் என்ற சவ்வு, ஃபில்டர் இவைதான் கெட்டுப்போகும், சர்வீஸில் மாற்றுவதும் இவற்றைத்தான். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இன்னும் வருகிறதா?” என்பதுதான். வருகிறது என்றால் தாராளமாக சர்வீஸ் செய். வரவில்லை என்றால், எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் அதை விட்டுவிடு. வேறு மாடலின் பாகத்தைப் போட்டு ஒப்பேற்றித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதே.

கடைக்குப் போகும் முன் நீயே சிலவற்றைப் பார்க்கலாம். முதல் ஸ்டேஜில் காற்று நுழையும் வாயில் சின்ன ஃபில்டர் தெரியும். அது பச்சையாக இருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் ஏதோ ஒரு இரும்புச் சிலிண்டரின் துரு வந்து படிந்திருக்கிறது. அந்த நுழைவாயை அதன் டஸ்ட் கேப்பால் இறுக மூடி, சிலிண்டரில் மாட்டாமலே இரண்டாவது ஸ்டேஜை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சு. காற்று வரவே கூடாது. வந்தால் இரண்டாவது ஸ்டேஜின் டயஃப்ரமோ வெளியேற்று வால்வோ கிழிந்திருக்கலாம். இது பாஸ் என்பதற்காக சர்வீஸைத் தள்ளிப்போடாதே. உயர் அழுத்த சீட் தேய்ந்திருப்பது இதில் தெரியாது, கேஜ் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். முதல் ஸ்டேஜ் இறக்கித் தரும் அந்த 10 பார் இடை அழுத்தம் ஒரு இடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

ஹோஸ் எதையும் யோசிக்காமல் மாற்று. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு வெயிலில் ரப்பர் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். உலோக முனை பக்கத்தில் வளைத்துப் பார், வெடிப்பு தெரியும். நைலான் பின்னல் போட்ட ஹோஸ் என்றால் இன்னும் கவனம். வெளியே புதுசு போலவே இருக்கும், ஆனால் சிலவற்றில் உள் குழாய் சிதைந்து படிகம் கட்டி, காற்று வரும் வழியையே அடைத்திருக்கிறது. நம் ஊர் சூட்டில் இது சீக்கிரம் நடக்கும்.

பிசிடி, அதாவது காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட், அதன் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஊதி ஒரு இரவு வைத்துப் பார். பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டு. உள்பூச்சு செதில் செதிலாக வந்தால் கதை முடிந்தது. அதற்குள் காற்று விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார். நீருக்கடியில் அது அழுத்தியபடியே நின்றுவிட்டால் ராக்கெட் மாதிரி மேலே போவாய், நுரையீரல் என்ன ஆகும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிசிடிக்குப் புதுசுதான் என் ஓட்டு.

அந்த அலுமினியச் சிலிண்டரை மறந்துவிடு. 6351 என்ற கலவையில் செய்த பழைய சிலிண்டர்களில் கழுத்துப் பகுதி விரிசல் விட்டு, சில வெடித்தும் இருக்கின்றன. சோதனைத் தேதி கடந்ததில் எந்தக் கடையும் காற்று அடிக்காது. தீவில் எப்படியும் சிலிண்டர் தருகிறார்கள், பினாங்கிலிருந்து சுமந்துகொண்டு போக என்ன தலையெழுத்து? ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் புதிது வாங்கு, மகளுக்கும் தனியாக ஒன்று. மாஸ்க் இருக்கட்டும்.

செலவுக் கணக்கும் போட்டுப் பார். முதல் ஸ்டேஜ், இரண்டாவது ஸ்டேஜ், ஆக்டோபஸ் (உபரியாக வைத்திருக்கும் இன்னொரு இரண்டாவது ஸ்டேஜ்) மூன்றுக்கும் கிட், கூலி, புது ஹோஸ் எல்லாம் சேர்த்துப் புது செட் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதுசு வாங்குவேன். சில நிறுவனங்கள் இரண்டு ஆண்டு அல்லது 100 டைவ், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் செய்யச் சொல்கின்றன. வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் போகப் போகிறாய் என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம். ஆனாலும் வாயில் வைக்கிறது என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு உண்டு, உனக்கும் இருக்கும்.

சர்வீஸ் முடித்து வந்ததை நேராக ஆழத்துக்குக் கொண்டு போகாதே. புதிதாகப் பூட்டியதில்தான் அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கும். முதலில் நீச்சல் குளம், அங்கேயே ஒரு ரிஃப்ரெஷர் வகுப்பையும் முடித்துக்கொள். அப்புறம், பிரஷர் மாத்திரை சாப்பிடுவதாகப் போன முறை எழுதியிருந்தாயே, டைவிங் தெரிந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். மகளிடம் மறைக்காதே.

மழைக்காலம் முடிந்து மார்ச்சில் கிழக்குக் கரைத் தீவுகள் திறந்துவிடும். பெர்ஹெந்தியானா தியோமானா என்று மகளையே முடிவு செய்யச் சொல். சர்வீஸுக்கு நேரம் வேண்டுமே, அதனால் தைப்பூசத்துக்கு பத்துமலை வரும்போதே ரெகுலேட்டரை எடுத்துவா. பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். இங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், பிரித்த பழைய பாகங்களைப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய டைவிங் ஜோடி