செவிலியர் எழுதும் பக்கத்தையும் படியுங்கள்: மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். தொற்றுநோய் வார்டுகளில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நாங்கள் நர்சிங் டயக்னோசிஸ் எழுதுகிறோம்; அதாவது, நோயின் பெயரை அல்ல, நோயாளியின் உடலும் மனமும் அதை எப்படித் தாங்குகின்றன என்ற செவிலியரின் கணிப்பை. வாயுப் பரிமாற்றக் குறைபாடு, சளியை வெளியேற்ற இயலாமை, திடீர் மனக்குழப்பம், உடலில் நீர் குறைவு, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாமை என்று அந்தப் பட்டியல் போகும். ரவுண்ட்ஸில் அதை யாரும் படிப்பதில்லை. தர ஆய்வுக்கு வருகிறவர்கள் புரட்டுகிறார்கள், அதுவும் பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க. எந்த நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் முடிவெடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் கணக்கில் சேருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நிமோனியாவோடு இருவர் வருகிறார்கள். வயது ஒன்று, கிருமி ஒன்று, ஆன்டிபயாடிக்கும் ஒன்று. ஒருவர் நன்றாக இருமித் துப்புகிறார், எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். மற்றவருக்கு இருமவே வலுவில்லை. நேற்றுவரை தானே தண்ணீர் குடித்தவருக்கு இன்று டம்ளரைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மருத்துவரின் நோயறிதல் இருவருக்கும் ஒன்றுதான். செவிலியரின் கணிப்பில் இருவரும் வேறு வேறு. அந்த உடல் தொற்றை எவ்வளவு தாங்குகிறது என்பதை அது சொல்கிறது. செப்சிஸுக்கு 2016-இல் வகுக்கப்பட்ட வரையறையும் இதைத்தான் மையமாக வைக்கிறது: தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உறுப்புகள் செயலிழந்து, உயிருக்கே ஆபத்தாகும் நிலை. 2017-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 1.1 கோடி இறப்புகள் செப்சிஸோடு தொடர்புடையவை என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

மனக்குழப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று முற்றிவிடலாம். பேச்சு தடுமாறும், இரவும் பகலும் மாறிப்போகும், பெற்ற மகளையே யாரென்று கேட்பார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று கடந்துபோவது எவ்வளவு எளிது! நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65 அளவுகோலில் மனக்குழப்பத்துக்கு ஒரு புள்ளி உண்டு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட நியூஸ்-2 என்ற முன்னெச்சரிக்கை அளவுகோல், புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 புள்ளி தருகிறது. அந்த ஒன்றுக்காகவே நோயாளியை உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆனால் குழப்பம் புதியதா பழையதா என்று யாரால் சொல்ல முடியும்? நேற்றும் அவரோடு பேசிய செவிலியரால்.

இது எங்கள் ஆதங்கம் மட்டுமல்ல. வெல்டனும் ஹாலோரனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளை நோயின் வகைப்படி பிரிக்கும் குறியீட்டோடு நர்சிங் டயக்னோசிஸையும் சேர்த்தபோது இறப்பு உள்ளிட்ட விளைவுகளை இன்னும் நன்றாக விளக்க முடிந்தது. செவிலியர்கள் வழக்கத்தைவிட அடிக்கடி அளவெடுப்பதையும் குறிப்பெழுதுவதையும் கவலையின் அடையாளமாகப் படிக்கும் கன்சர்ன் என்ற எச்சரிக்கை முறை அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. 2025-இல் வந்த முடிவின்படி, அதைப் பயன்படுத்திய பிரிவுகளில் இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

இறப்பை முன்கூட்டிக் காட்டுவது வேறு, இறப்புக்குக் காரணமாவது வேறு என்பதை நான் மறக்கவில்லை. நிறைய டயக்னோசிஸ் உள்ளவர், நோய் முற்றியவராகவே இருக்கலாம். ஆனாலும் இறப்பு அபாயத்தைக் காட்டும் வயதுக்கும் நர்சிங் டயக்னோசிஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வயதை யாரும் குறைக்க முடியாது. சளி தேங்கினால் உறிஞ்சி எடுக்கலாம், நோயாளியைச் சாய்த்து உட்காரவைக்கலாம், வாயைச் சுத்தம் செய்யலாம், உள்ளே போகும் நீரையும் வெளியேறும் சிறுநீரையும் அளக்கலாம். ஒவ்வொரு டயக்னோசிஸும் ஒரு வேலையோடுதான் வருகிறது. ஆகவே "இவர் தேறமாட்டார்" என்று ஒதுக்கிவைக்க இந்தப் பட்டியலை யாரும் பயன்படுத்தக் கூடாது. எனக்குள்ள பெரிய அச்சம் அதுதான்.

பக்கத்தின் தரமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நேரமில்லாத இடத்தில் நேற்றைய டயக்னோசிஸே இன்றும் நகலாகும். அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலும் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் உயர்வதை அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002-இல் காட்டியது. எங்களுக்கு இன்னொரு படிவம் வேண்டாம். ஏற்கெனவே இருப்பதை உண்மையாக எழுத ஆட்கள் வேண்டும்.

ரவுண்ட்ஸில் செவிலியரின் கணிப்பை முதலில் கேளுங்கள். முந்தைய ஷிஃப்டில் இல்லாத டயக்னோசிஸ் ஏதாவது சேர்ந்திருந்தால், ரத்த அழுத்தம் இறங்கும்வரை காத்திராமல் மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று விதியாக்குங்கள். இறப்புத் தணிக்கைக் கூட்டங்களில் கடைசி 48 மணி நேரத்தின் செவிலியர் பக்கங்களையும் மேசையில் வையுங்கள். அந்த ஷிஃப்டுகளில் பணியில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, அவர்கள் எதைப் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள், சொன்ன பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தொற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் ஒரு செவிலியர்