டூல்ஸ் புதுப்பித்த கதை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு, நீங்கள் அதில் கேட்டிருந்த விஷயமே, அதாவது விஎம்வேர் டூல்ஸைப் புதுப்பிப்பது எப்படி என்பதே, காரணம். எங்களிடம் விஎம்வேரில் மெய்நிகர் கணினிகளாக ஓடும் பழைய லினக்ஸ் சர்வர்களில், அவற்றை அடியில் உள்ள நிஜக் கணினியோடு இணைந்து இயங்கவைக்கும் அந்த டூல்ஸைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அவற்றில் டூல்ஸை முதலில் போட்டவனும் நான்தான். சிடி இமேஜை மவுன்ட் செய்து, டார் என்ற தொகுப்புக் கோப்பைப் பிரித்து, பெர்ல் ஸ்கிரிப்டை ஓட்டி, அது கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர் தட்டிய காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். லினக்ஸின் உட்கருவான கர்னல் மாறும்போதெல்லாம் டூல்ஸின் மாட்யூல்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்த அந்தத் தொல்லை இப்போது இல்லை. நெட்வொர்க்குக்கான விஎம்எக்ஸ்நெட்3 டிரைவர் கர்னலின் 2.6.32 பதிப்பிலும் டிஸ்குக்கான பிவிஸ்கஸி டிரைவர் அதற்கடுத்த பதிப்பிலும் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. மற்றவை, 2007-இல் திறந்த மூலமாக வெளியான ஓபன்-விஎம்-டூல்ஸ் பேக்கேஜில் இருக்கின்றன. டார் வடிவத்துக்குப் புதிய வசதிகள் சேர்ப்பதை 10.3.5 பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். டிஸ்ட்ரோ (உபுண்டு, ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் வெளியீடு) தரும் பேக்கேஜையே பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் முதல் சர்வரில் அவசரப்பட்டேன். பழையதை நீக்காமல் அதன் மேலேயே பேக்கேஜை நிறுவிவிட்டேன். பிராசஸ் பட்டியலைப் பார்த்தால் டூல்ஸின் பின்னணி நிரலான விஎம்டூல்ஸ்டி இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. பழையது யுஎஸ்ஆர்-எஸ்பின் கோப்புறையிலிருந்து, புதியது யுஎஸ்ஆர்-பின் கோப்புறையிலிருந்து. சரி, பழையதை இப்போது நீக்கிவிடலாம் என்று அதன் அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது புதிய பேக்கேஜின் சில கோப்புகளையும் தனதென்று எண்ணி அழித்துவிட்டது. பேக்கேஜை மறுபடி நிறுவிய பிறகுதான் சர்வீஸ் எழுந்தது. ஆகவே ஸ்னாப்ஷாட் (சர்வரின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிட்டு, பழையதை அதன் ஸ்கிரிப்டைக் கொண்டே நீக்கி, ரீபூட் செய்து நெட்வொர்க் வருகிறதா என்று பார்த்த பிறகே பேக்கேஜை நிறுவுங்கள். அடுத்த சர்வர்களை இந்த வரிசையில் செய்தேன். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.

முடிந்ததும் விஎம்வேரின் நிர்வாக மென்பொருளான விஸ்பியரின் திரையில் 'கெஸ்ட் மேனேஜ்டு' என்று காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். புதுப்பிக்கும் பொறுப்பு லினக்ஸிடமே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

பதிப்பு எண்ணைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023-இல் வெளியான சிவிஇ-2023-20900 என்ற பாதுகாப்புக் குறை டூல்ஸின் 12.3.0 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. ஆனால் டிஸ்ட்ரோக்காரர்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் சேர்ப்பது வழக்கம் என்பதால், எண்ணைப் பார்த்து முடிவுகட்டாமல் பேக்கேஜின் மாற்றப் பட்டியலான சேஞ்ச்லாகைப் படியுங்கள். ஆடிட்டுக்கு வருபவர்களிடம் இதை விளக்குவதுதான், என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் கடினமான பகுதி!

நேரம் பார்த்துக்கொள்ள குரோனி என்ற லினக்ஸ் நிரல் இருப்பதால் டூல்ஸின் நேர ஒத்திசைவை அணைத்தே வைத்திருக்கிறேன். அப்படியும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது டூல்ஸ் ஒரு முறை ஹோஸ்டின், அதாவது அடியில் உள்ள நிஜக் கணினியின், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தும். எனவே ஹோஸ்டின் நேரம் சரியாக இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள். உங்கள் டேட்டாபேஸ் சர்வரில் ஃப்ரீஸ் ஸ்கிரிப்ட் (ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது டேட்டாபேஸைச் சற்று நிறுத்திவைப்பது) இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சர்வரைக் கடைசியாகப் புதுப்பித்து, அந்த ஸ்கிரிப்டை ஓடவைக்கும் குயிஸ் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்